ஆணி இல்லாத லாடம்

வால்மீர்: ...அதான் சொல்றேன், இந்தத் தடவை ஒட்டு லாடமே போட்டுடுவோம்க்கா.

தோரிலா: மூணு நாளா மழை. குளம்பு ஊறிக் கிடக்கு. பசை பிடிக்குமா?

வால்மீர்: சூடு காட்டிக் காய வச்சு...

தோரிலா: பிளாஸ்டிக் செருப்புன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவன் நீதானே?

வால்மீர்: அது அப்போ. சரி, வேணாம்னா அலுமினியம். எடை பாதிகூட இருக்காது. பந்தயத்துல தொண்ணூறு கிலோமீட்டர் ஓடணுமே...

தோரிலா: ஜல்லி ரோட்டுல அறுபதுலயே தேஞ்சு காகிதமாயிடும். இரும்பு போடு, அடியில தோல் வச்சு. எப்பவும் போடுறதுதானே.

வால்மீர்: இரும்புன்னா ஆணி...

தோரிலா: அலுமினியத்தை எச்சில் தொட்டா ஒட்டுவே? அதுக்கும் ஆணிதான். மாத்தே டீ ஆறுது, குடி. ஆணிப் பெட்டியை ஏன் தொடவே மாட்டேங்கிறே?

வால்மீர்: கை விறைச்சிருக்கு. குளிர்.

தோரிலா: பதினெட்டு வருஷமா என் குதிரைங்களுக்கு லாடம் அடிக்கிறே. குளிர் புதுசா?

வால்மீர்: உங்க பிள்ளை ஃபப்ரீசியோ போன் பண்ணினானா?

தோரிலா: பண்ணினான். மொந்தேவிதேயோ பட்டணத்துல லாரிக்கு மூட்டை ஏத்துறானாம். பந்தயத்துக்கு வாடான்னேன். "செவலைக் குதிரையை விரட்டியே கொன்னவன்னு ஊரே சொல்லுது, எந்த முகத்தோட வர்றது"ன்னு வச்சுட்டான்.

வால்மீர்: அவன் விரட்டலக்கா.

தோரிலா: நீ பாத்தியா?

வால்மீர்: பாக்க வேண்டியதில்ல. போன வருஷப் பந்தயத்துக்கு நான் அடிச்ச லாடம்... இடது முன்னங்கால், கடைசி ஆணி. அடிக்கும்போதே சத்தம் மாறிச்சு. சதைகிட்ட இறங்கிருச்சு. பிடுங்கியிருக்கணும். இன்னும் நாலு குதிரை வரிசையில நின்னுச்சு... விட்டுட்டேன். அந்த வலியிலதான் செவலை இறக்கத்துல தடுமாறிக் காலை முறிச்சுக்கிச்சு. பிள்ளை என்ன பண்ணுவான்? திட்டுங்கக்கா. ரெண்டு அறைகூட விடுங்க. ஒரு வருஷமா தூக்கம் இல்ல. இன்னைக்கே அவன்கிட்ட போன்ல சொல்லிடுறேன்.

தோரிலா: சொல்லு. சொல்லிட்டு போனை என்கிட்ட குடு.

வால்மீர்: நீங்க என்ன சொல்லப் போறீங்க?

தோரிலா: பந்தயத்தன்னிக்குக் காலையில அந்தக் குளம்பு சூடா இருந்துச்சு வால்மீர், உள்ள புண்ணுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. பந்தயத்துக் குதிரை டாக்டர் தொட்டுப் பாத்தா ஓட விடாம நிறுத்திடுவார்னு, ஈரச் சாக்கைச் சுத்தி ஆத்தினேன். ஆத்திட்டுத்தான் என் பிள்ளையை அது மேல ஏத்திவிட்டேன்.