தந்தி அண்ணனுக்கு மௌனம் வேண்டாம்

மேடையில் இருக்கும் துறைத் தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, மாணவர்களே, முன்வரிசையில் இருக்கும் தந்தி அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள், நம் இயற்பியல் ஆய்வக உதவியாளர் தந்தி அண்ணன் அமைதியானவர் என்றார்கள். கருவிகளைப் பளிச்சென்று வைத்திருப்பார் என்றார்கள். முப்பது வருடத்தில் அவர் துடைத்தது மட்டும்தான் நினைவிருக்கிறதா?

நான் புதிதாகச் சேர்ந்தபோது, தந்தி அண்ணன் என்ற பேரைக் கேட்டு, தபால் நிலையத்தில் இருந்தவரா என்று கேட்டேன். "இல்லம்மா. கம்பியோட கிடக்கறேன்ல, பசங்க வச்ச பேரு. நான் அனுப்புற தந்தி யாருக்கும் போய்ச் சேர்றதில்ல" என்றார். சிரித்தேன்.

பதினாறு வருடங்களுக்கு முன், கம்பியை மீட்டிச் சுரங்களை அளக்கும் செய்முறையில் ஒரு மாணவியின் அளவுகள் சூத்திரத்தோடு ஒத்துவரவில்லை. அடிப்படைச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரவேண்டிய மேற்சுரங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் தூக்கலாக வந்தன. சிவப்பு மையில் அடித்து, விடையைச் 'சரிசெய்து' எழுதச் சொன்னேன். ஆம், நான்தான். நாம் எல்லோரும் அதைத்தான் செய்தோம். இன்றும் செய்கிறோம்.

அண்ணன் ஒரு வாரம் அவள் அளந்த அதே தடித்த குட்டைக் கம்பியை மீட்டி மீட்டி அளந்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணு எழுதினது சரிதாம்மா. சூத்திரம் நல்லா வளைஞ்சு குடுக்கிற கம்பிக்கு. இது விறைப்பு. வளைய மாட்டேங்குது, அதான் சுரம் ஏறுது."

அதை ஒரு பக்கமாக எழுதி, செய்முறைக் கையேட்டில் சேர்க்கக் கேட்டார். தலைவர் அவர்களே, உங்கள் பதில் எனக்கு மறக்கவில்லை: "கம்பி மாட்டுற வேலையை மட்டும் பாருங்க." ஒவ்வொரு பதிப்புக்கும் கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் அந்த அறையில் இருந்தேன், வாய் திறக்காமல். ஐந்தாவது முறைக்குப் பின் கேட்பதை விட்டுவிட்டார். அதைத்தான் இங்கே அமைதி என்கிறார்கள்!

அதிர்கிற தந்தி சட்டென்று அடங்காது. யாராவது விரல் வைத்தால்தான் அடங்கும். அந்த விரல்களில் ஒன்று என்னுடையது.

நேற்று அண்ணி அந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்தார். "நீங்களாவது படிங்க" என்றார். புதிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தொகுத்தவள் நான். இந்தப் பக்கம் அவர் பெயரோடு வரும். வராவிட்டால் என் பெயரும் அதில் வராது. மாணவர்களே, இனி வந்த அளவை வந்தபடி எழுதுங்கள். யார் சிவப்பு மையில் அடித்தாலும் என்னிடம் கொண்டுவாருங்கள்.

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. பதினாறு வருடம் கொடுத்தது போதாதா? அவர் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கம்பியை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். இப்போது மீட்டுகிறேன். அது தானாக ஓயும்வரை யாரும் கை வைக்காதீர்கள்.