டோனட்டை எடுத்துவந்த விவரம்

என் பெயர் லொரெய்ன் பெல்கி. வயது அறுபத்து மூன்று. காலஞ்சென்ற ரோலண்ட் பெல்கியின் மனைவி. மெய்ன் மாநிலம், ஸ்ப்ரூஸ் சாலை, ஏழாம் எண் வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் இல்லை. புகார்தாரர் வெர்ன் திபடோ என் பக்கத்து வீட்டுக்காரர், மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர், மனைவியை இழந்தவர். போலீஸ் அதிகாரி ஹோல்ப்ரூக் கேட்டு எழுத, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

என்னிடம் மேபல் என்ற மலைப்பாம்பு இருக்கிறது. வெர்னிடம் டோனட் என்ற மலைப்பாம்பு இருக்கிறது. இரண்டும் ஒரே வகை. மலைப்பாம்பு என்று பேர்தானே தவிர கை நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மேபல் பருமன், டோனட் ஒல்லி. பாம்பு வளர்ப்பவர்கள் ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு என்றுதான் வைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் வைத்திருந்தோம். வெர்னும் நானும் தெருவில் பார்த்தால் கையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

ஜனவரியில் மழை பெய்து பெய்த இடத்திலேயே உறைந்து மின்கம்பிகள் அறுந்தன. வெர்ன் வீட்டில் சூடு மின்சாரத்தில் வருவது. என் வீட்டில் விறகுக் கணப்பு உண்டு. அன்று மாலை அவர் வந்து கதவைத் தட்டினார். கோட்டுக்குள் ஒரு தலையணை உறை, அதற்குள் டோனட். "லொரெய்ன், என்னைய உள்ள விடாட்டியும் பரவால்ல, இவன விடு. வெறைச்சுப் போயிருவான்" என்றார். "ரெண்டு பேரும் வாங்க. நீ மட்டும் பூட்ஸக் கழட்டிட்டு வா" என்றேன். என்னிடம் ஒரே கண்ணாடிப் பெட்டிதான் இருந்தது. அதைக் கணப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி, டோனட்டையும் மேபலோடு விட்டோம். ஆபத்துக்குப் பாவம் இல்லை.

மின்சாரம் வந்த பிறகு வெர்ன் டோனட்டை எடுத்துப்போக வந்தார். பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டோனட் கீழேயும் மேபல் அதன் மேலேயுமாகச் சுருண்டு கிடந்தன. வெர்ன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "கட்டிப் புடிச்சுத் தூங்குதுங்க, பாத்தியா? இதுங்களப் பிரிச்சா அந்தப் பாவம் சும்மா விடாது" என்றார். அது கட்டிப்பிடிப்பது இல்லை. விளக்கின் சூடு விழும் இடத்துக்கு நடக்கும் போட்டி. பெரியது மேலே ஏறிச் சூட்டை வாங்கிக்கொள்ளும், சின்னது அடியில் நசுங்கிக் கிடக்கும். எனக்கு அது தெரியும். வெர்னுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அன்று அவர் பாம்பு வளர்ப்பவராக நின்று பார்க்கவில்லை. ஆனாலும் நான் சரி என்று தலையாட்டினேன்.

அதன் பிறகு வெர்ன் தன் வீட்டு முன்னறையில் மரத்தால் ஒரு பெரிய பெட்டி செய்து, கண்ணாடி பொருத்தி, இரண்டையும் அதில் குடிவைத்தார். "உன் பொண்ணு இங்க இருக்கா. சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போ" என்றார். அதன் பிறகு நான் தினமும் சாயங்காலம் போனேன். சனிக்கிழமைகளில் பீன்ஸ் வேகவைத்திருப்பார். அந்த மனிதருக்கு உப்பு போடவே தெரியாது. "இத மனுஷன் திம்பானா?" என்பேன். "டோனட்தான் திங்க மாட்டேங்குறான், நீயாவது தின்னு" என்பார். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிடுவேன். ரோலண்ட் போன பிறகு என் வீட்டில் நான் பேசியதெல்லாம் தொலைக்காட்சியோடுதான்.

டோனட் உண்மையிலேயே தின்னவில்லை. உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டது. குளிர்காலத்தில் இந்த வகைப் பாம்பு பட்டினி கிடப்பது உண்டு என்று வெர்ன் சமாதானம் சொன்னார். மேபலுக்கும் அதே குளிர்காலம்தான், அது ஒரு எலியை விட்டுவைக்கவில்லை. மார்ச்சில் டோனட்டின் முதுகெலும்பு கூரை முகடு மாதிரி எழும்பி நின்றது. அதற்கு மேல் பொறுக்காமல் ஒருநாள் சொல்லிவிட்டேன். "வெர்ன், அதுங்க கொஞ்சிக்கல. மேபல் அவன அமுக்குறா. பிரிச்சு வெச்சிரலாம்."

வெர்ன் கரண்டியைக் கீழே வைத்தார். "ஒண்டியாக் கெடக்குறது என்னன்னு உனக்குத் தெரியாதா? அத அவனுக்கும் குடுக்கச் சொல்றியா?" என்றார். "பாம்புக்கு அந்த ஏக்கமெல்லாம் கிடையாது" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன பாம்பா? தெருவுல சில பேர் ஆமான்னுதான் சொல்றாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பேச்சு அதோடு போயிற்று.

அதன் பிறகு வெர்ன் பேங்கர் நகரில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனார். பாம்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். நான் போனபோது டோனட் மேபலுக்கு அடியில் அசையாமல் கிடந்தது. தூக்கினேன், கையில் கனமே இல்லை. என் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய கண்ணாடிப் பெட்டியில் தனியாக விட்டேன். மறுநாள் எலியை நீட்டியதும் ஒரே பாய்ச்சலில் பிடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெர்ன் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டார். அவசரத்தில் நான் பின்கதவைப் பூட்ட மறந்திருந்ததால், திருடன் வந்திருக்கிறான் என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்.

அதன் பிறகு வெர்னும் அதிகாரி ஹோல்ப்ரூக்கும் என் வாசலுக்கு வந்தார்கள். "டோனட்டக் காணோம், லொரெய்ன்" என்றார் வெர்ன். முகம் வெளுத்திருந்தது. "என் சமையல்கட்டுல இருக்கான். சாப்ட்டுட்டுத் தூங்குறான்" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "என்னைய ஒரு வார்த்த கேக்காம எடுத்திருக்க" என்றார். புகாரை எழுதிக்கொள்ளும்படி அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். டோனட்டைப் பார்க்கக்கூட உள்ளே வரவில்லை.

இப்போது அதிகாரி ஹோல்ப்ரூக் என்னிடம், "மேபல் உங்க பாம்புதானேம்மா? அத உங்க வீட்டுக்குக் கொண்டாந்திருந்தா டோனட்டுக்குப் பெட்டி முழுசும் கெடச்சிருக்கும். கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரோடத ஏன் எடுத்தீங்க?" என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. மேபலை எடுத்துவந்திருந்தால் அவர் பாம்பு அவர் வீட்டில், என் பாம்பு என் வீட்டில். அதன் பிறகு நான் அந்த வீட்டுப் படியேற ஒரு காரணமும் மிச்சம் இருக்காது. அவருடையது என்னிடமும் என்னுடையது அவரிடமும் இருந்தால் இரண்டு பேரும் போக வர இருப்போம் என்று நினைத்தேன். பாம்புகள் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் அப்படி இருக்க முடியவில்லை.

அதிகாரி பேனாவை நிறுத்தி, "இதையும் எழுதணுமாம்மா?" என்று கேட்டார். "இந்தக் காகிதம் வெர்ன் கைக்குப் போகுமா?" என்று கேட்டேன். புகார் கொடுத்தவருக்கு ஒரு நகல் போகும் என்றார். "அப்ப எழுதுங்க. கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க, அவருக்குக் கண்ணு சரியில்ல" என்றேன்.

மேலே எழுதியிருப்பது எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததும் அதுதான். எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லொரெய்ன் பெல்கி