முப்பத்தி மூணு இஞ்சு கொடுவா

...ஐசு கரையாதுன்னு சொன்னது யாரு, நானா? "அக்கா, காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் கல்லு மாதிரி கெடக்கும்க்கா"ன்னு இதே எடத்துல நின்னு தலையாட்டி தலையாட்டி சொன்னியே தம்பி! இப்ப இந்த ஐசு பைய மோந்து பாரு. அட, மூஞ்சிய ஏன் திருப்புற? மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவி, ரெண்டு நாள் வெயில்ல போட்டுக் கொண்டாந்திருக்கேன். இப்பவே இப்பிடின்னா ஞாயித்துக்கெழம எங்க வீடு எப்பிடி இருந்திருக்கும்னு யோசி!

மாத்தியெல்லாம் தர வேணாம்ப்பா. ஒரே ஒரு சீட்டு எழுதிக் குடு. "பையிலதான் கோளாறு, வாங்குன அம்மா மேல ஒரு தப்பும் இல்ல." ரெண்டு வரி. கீழ கடை முத்திரை. போதும், போயிருவேன்.

எதுக்கா? எல்லாம் என் நாத்தனாருக்குத்தான்!

அவளத்தான் உனக்குத் தெரியுமே... மஞ்ச கயாக்குப் படகு, தலைக்கு மேல கண்ணாடி, கண்ணுல மட்டும் போடவே மாட்டா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி முப்பத்தோரு இஞ்சுல ஒரு கொடுவா மீனு புடிச்சா. புடிச்சா, சரி. சாப்ட்டோம், சரி. அத போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, எங்க அத்த வீட்டுக் கூடத்துல டிவிக்கு மேல மாட்டியிருக்கா தம்பி! எங்க மாமனாருக்குக்கூட அவ்ளோ பெரிய படம் கெடையாது. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சாப்பாட்டுக்குப் போனா, "அண்ணி, நீங்களும் ஒரு நாள் புடிப்பீங்க அண்ணி"ன்னு என் தோள தட்டுவா. எல்கேஜி புள்ளைய தட்டுற மாதிரி!

போன ஞாயிறு காலையில ஏழு மணி. தூண்டில் வளையுது, கயாக்கு சுத்துது, எனக்குத் தலைகால் புரியல. இழுத்து மடியில போட்டா, ஆத்தாடி! நான் தையக்காரி தம்பி. என் கண்ணு தப்பாது. ஆனாலும் பையில இருந்த இஞ்சு டேப்ப எடுத்து மூக்குல இருந்து வாலு வரைக்கும் புடிச்சேன். முப்பத்தி மூணு. மறுபடி புடிச்சேன். முப்பத்தி மூணேதான்!

நீ சொன்னதெல்லாம் செஞ்சேன்ப்பா, கேட்டுக்கோ. செவுள்ல கீறி ரத்தத்த வடிச்சேன். கொடல எடுத்தேன். ரெண்டு பங்கு ஐசு, ஒரு பங்கு கடல் தண்ணி. போதாததுக்கு உறைய வச்ச தண்ணி பாட்டிலு நாலு, ஈரச் சாக்கு ஒண்ணு. ஒரு நோயாளிக்குக்கூட நான் இவ்ளோ செஞ்சதில்ல!

அப்பறம் கரைக்கு வந்தது பன்னெண்டு மணிக்கு. ஏன்னா... அவளத் தேடுனேன். ஆமா, தேடுனேன்! வழக்கமா அந்தப் பாறைக்குப் பின்னாடிதான் மஞ்சயா மெதந்துக்கிட்டு இருப்பா. அன்னைக்குன்னு பாத்து ஆளக் காணோம். பாறைய மூணு சுத்து சுத்துனேன். கோயில் பிரகாரம் சுத்துறவங்ககூட அவ்ளோ பக்தியா சுத்த மாட்டாங்க.

ஒரு மணிக்கு அத்த வீடு. எட்டு பேரு தட்டோட உக்காந்திருக்காங்க, அடுப்புல எண்ண காயுது. நான் பைய நடுக்கூடத்துல வச்சு... தொறந்தேன். எங்க வீட்டுக்காரரு சன்னலத் தொறந்தாரு. அத்த அடுப்ப அணைச்சாங்க. இவ மூக்கப் பொத்திக்கிட்டு, "அண்ணீ, பொதல்ல அத வெளிய கொண்டு போங்க!" "முப்பத்தி மூணு, அளந்து பாருடி!"ன்னு டேப்ப நீட்டுறேன். கிட்டவே வரல. "நாறிப்போனதுக்கு என்ன அண்ணி அளவு? ஒரு மீனப் பத்திரமா கொண்டுவரத் தெரியல, இதுல போட்டி வேற!" எங்க வீட்டுக்காரரு கொல்லையில குழி தோண்டிப் பொதச்சாரு. அளக்காமயே! முப்பத்தி மூணு இஞ்சு மண்ணுக்குள்ள போச்சு தம்பி. எட்டு பேரும் மீனுக்குப் பதிலா முட்டப் பொரியல் தின்னாங்க.

அதுக்குத்தான் சீட்டு. எழுது... ஏன் ஜிப்ப இழுத்து இழுத்துப் பாக்குற? ஜிப்பு நல்லாத்தான் மூடும். மூடும்ப்பா. அன்னைக்கு மூடல, அவ்ளோதான். எவ்ளோ தூரம் மூடலயா? என்ன... ஒரு ரெண்டு சாண். வாலு வெளிய நிக்குதுல்ல!

வெட்டுறதா? வால வெட்டுறதா? அளவு காட்டாம கத்தரிய வைக்க எந்தத் தையக்காரிக்காவது கை வருமா? மடக்குறதா? மடிச்சு வச்ச துணிய எவளாவது அளப்பாளா? அதான் வாலு கொடி மாதிரி நிக்கட்டும், தூரத்துல இருந்தே அவ பாக்கட்டும்னு... ஜிப்பத் தொறந்தே...

சரி. பதினோரு மணி வெயிலு. சரிப்பா! பாட்டிலெல்லாம் வெந்நீரு மாதிரி ஆயிருச்சு. போதுமா? முழுப் பூசணிக்காயவாவது சோத்துல மறைச்சிரலாம், உன்கிட்ட ஒரு ஜிப்ப மறைக்க முடியல!

சீட்ட விடு. முழு மீனு நீட்டமா படுக்குற மாதிரி பெரிய பை இருக்கா? ஒண்ணுதான் இருந்துச்சா? நேத்து போயிருச்சா? யாரு வாங்குனது?

...யாரு? தலைக்கு மேல கண்ணாடியா?

என்ன கேட்டா? அவ கேட்ட மாதிரியே சொல்லு. ஒரு எழுத்து விடாம சொல்லு. "எங்க அண்ணியோட முப்பத்தி மூணு இஞ்சு கொடுவா உள்ள போகுமா, நான் அதுக்கு மேல ஒண்ணு புடிக்கணும்"னா? முப்பத்தி மூணுன்னு அவ வாயாலயா? மூக்கப் பொத்துனா, கண்ணப் பொத்தலயா அந்தக் கள்ளி!

எங்க போற? உள்ள போவாத! வா, பேனாவ எடு. பையப் பத்தி ஒண்ணும் வேணாம். அவ சொன்னத எழுது, தேதி போடு. முத்திரைய நல்லா அழுத்திக் குத்து தம்பி, சட்டம் போட்டு டிவிக்கு மேல மாட்டப் போறேன்!