வெளிப்பக்கத் தாப்பா

அட, டைல்ஸு கெடக்கட்டுமுங்க மேஸ்திரி. மொதல்ல இந்தப் பின்செவுத்த இடிங்க. ஆமாங்க, இங்கதான் வாசல் வெக்கோணும். அவன் போன்ல மேடை, சிங்க்கு, டைல்ஸுன்னுதான் சொல்லியிருப்பான். வாசலச் சொல்லமாட்டான். சமையக்கட்டுக்கு ஒத்த வாசல் இருந்தாத்தான் அவனுக்குத் தோது.

எதுக்குங்களா? முந்தாநேத்து களிக்கு ஊத்துன சாறு ஆறிப்போச்சாம். அந்த ஒத்த வாசல அடைச்சு நின்னுக்கிட்டு, எம்புள்ள சுகுணாவ முடியப் புடிச்சு அம்மியில மோதுனான். அதோ, அந்த அம்மிதான். கழுவியும் கறை போவலீங்க. போன மாசம் அவ கையத் தோசக்கல்லுல வெச்சு அமுக்குனான், தோலு கல்லோட வந்துருச்சு. எலி கூட வளைக்கு ரெண்டு வழி வெக்குது, இவ எங்க ஓடுவா? நடுவுல பூந்த எனக்கு விழுந்த ஒதையில வெலா எலும்பு இன்னும் குத்துது. பாழாப் போறவன்.

வாஸ்துவா? இத்தன நாளும் வாஸ்துப்படிதான ஒத வாங்குனா. போங்க நீங்க ஒண்ணு.

இந்தக் கதவுக்குத் தாப்பா வெளிப்பக்கம் வைங்க. சிரிக்காதீங்க. திருடன் வந்தா வந்துட்டுப் போறான், ஊட்டுக்குள்ள இருக்கறவன விடவா? அவ வெளிய ஓடி தாப்பா போட்டுக்குவா. உள்வாசலுக்கு ஆசாரத்துப் பக்கம், முன்கூடத்துலிருந்து போடறாப்புல ஒரு தாப்பா வைங்க, அத நான் பாத்துக்கறேன். ஜன்னலுக்குக் கம்பி நெருக்கமா இருக்கோணும். ஓடறப்ப அடுப்புல ஒரு கை வரமொளகா போட்டுட்டு ஓடுன்னு அவகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். உள்ள கெடந்து இருமட்டும். செம்மேட்டுலிருந்து போலீஸ் வர்ற வரைக்கும் அவன் ஒதைக்கறத தாங்கோணும், கதவு நல்ல கனமாப் போடுங்க. மொளகு லோடோட ராசிபுரம் போயிருக்கான். நாளைக்குப் பொழுது சாய வந்துருவான், அதுக்குள்ள முடிச்சுருங்க.

என்னங்க கேக்கறீங்க? ஊட்டோட இருக்கற மாப்பிள்ளைய இப்பிடிச் செய்யலாமான்னா?

மாப்பிள்ளையா? ஏனுங்க, அவ அம்மான்னு கூப்புட்டதக் கேட்டு அப்பிடி நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது. சுகுணா எம் மருமவளுங்க. அவந்தான் நான் பெத்தவன். ஒரே பையன், இந்தச் சமையக்கட்டுலதான் பெத்தேன்.

சரி, கடப்பாறைய எடுங்க, பொழுது போவுது.