துரைக்கு இரண்டு அலகு

பூனைக்கு ஊசி போடுவது அப்படியொன்றும் சிரமமான வேலை அல்ல, விதானையார். பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காது. முப்பத்திரண்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்து எத்தனையோ பேருக்குக் குத்தியிருக்கிறேன். இவ்வளவு மரியாதையான நோயாளியை நான் கண்டதில்லை. ஒரே ஒரு விதிதான் உண்டு: அது வயிறாரத் தின்ற பிறகே குத்த வேண்டும். தின்னாத உயிருக்கு இன்சுலின் போட்டால் இரத்தத்திலுள்ள சர்க்கரை அடியோடு இறங்கி, வலிப்பு வந்து, செத்துப்போகும். இதை முதலில் உங்கள் ஊர்ப் பதிவில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன்.

பூனைக்குத் துரை என்று பெயர் வைத்தது என் மனைவி அருமைநாயகி. வெள்ளை நிறம், கூப்பிட்டால் வராது, எங்களை வேலைக்காரராகவே நினைத்தது. பெயர் பொருத்தம்தான். இரண்டு வருடத்துக்கு முன் அது மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்தது. அருமைநாயகிக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு, என்று முதலில் கண்டுபிடித்ததும் எறும்புதான். இணுவிலில் எறும்புக்குத் தெரிந்த வைத்தியம் சில பரியாரிமாருக்குத் தெரியாது.

துரை மூத்திரம் பெய்யும் தட்டத்தில் மணலுக்குப் பதில் கழுவிய சிப்பி ஓடுகளைப் போட்டு, அடியில் வடியும் நீரை எடுத்து, நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பேன். நீலமாகவே இருந்தால் சுகம். பச்சை என்றால் பரவாயில்லை. செங்கல் நிறம் என்றால் ஆபத்து. ஊர் என்னைப் ‘பூனை டாக்குத்தர்’ என்றது. தங்கள் நாய்க்குப் பெயர்கூட வைக்காத மனிதர்கள். மீனைத் துப்பரவாக்கி, முள் எடுத்து, அவித்து, காலையும் மாலையும் ஆறு மணிக்குத் தட்டில் வைப்பது அருமைநாயகியின் வேலை. அது தின்று முடித்து வாயை நக்கும்போது இரண்டு அலகு போடுவது என் வேலை.

அவளுக்கும் நான்தான் போட்டேன். வேளைக்கு இருபது அலகு. ஆனால் அவள் நல்ல நோயாளி அல்ல. பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டானை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கண்டுபிடித்த அன்றே பனங்கட்டி, சீனி, தேன் என்று வீட்டிலிருந்த இனிப்பெல்லாவற்றையும் கிணற்றடியில் கொட்டினேன். அவள் அழுதாள். துரை ஒரு நாளும் பனங்கட்டி திருடியதில்லை என்பதை அப்போது அவளுக்குச் சுட்டிக் காட்டினேன்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட இந்த வருடத்தில் மருந்துக் கப்பல் வருவது அருமையாகிவிட்டது. ஐப்பசியில் கொழும்பிலிருந்து ஒரு போத்தல் வந்தது. அடுத்தது எப்போது என்று கடைக்காரனுக்கே தெரியாது. பழைய போத்தலில் இன்னும் மிச்சம் இருந்ததால், புதியதைக் குளிர்ச்சிக்காக ஈர மணல் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டு யோசித்தேன். இருநூறு அலகு. அவளுக்கு என்றால் ஐந்து நாள். துரைக்கு என்றால் ஐம்பது நாள். இதில் உணர்ச்சிக்கு இடமில்லை. ஆனாலும் நான் அவசரப்படவில்லை.

அவசரப்பட்டது அவள். கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாளும் வீட்டுக்குள் மச்சம் வரக்கூடாது என்று மீன் சட்டியைக் கொண்டுபோய்க் கொட்டிலில் கவிழ்த்துவிட்டாள். துரையின் தட்டில் பால்சோறு. நான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன்.

“சோறும் பாலும் உதுக்கு நஞ்சு. மீன் அவிச்சு வையும்.”

“ஆறு நாள் மச்சம் இல்லாட்டிப் பூனை சாகாது,” என்றாள். “முருகன் பாப்பார்.”

மறுநாள் காலை நான்தான் பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் செங்கல் நிறம். முருகன் அந்தப் பக்கம் வரவில்லை. ஆறு நாளில் ஒன்றும் ஆகாது என்பது அவளுடைய அபிப்பிராயம். நான் அதை மதித்தேன். அன்று முதல் அவளுடைய ஊசியில் கொதித்தாறிய தண்ணீரை இழுத்தேன். இருபது அலகு, அளவு பிசகாமல்.

அவள் விரதமென்று பட்டினி கிடக்கவில்லை. அதற்கு நான் விடவில்லை. அந்த விஷயத்தில் என் மனச்சாட்சி சுத்தம். மூன்றாம் நாள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். மூத்திரம் பெய்யக் கோடிப்பக்கம் போய் வந்து என் முன்னால் நின்றாள்.

“இஞ்சருங்கோ, எறும்பு வருது.”

“மாரி காலத்திலை எறும்பு வரும்தானே,” என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மாலையில் ஊசிக்கு வழக்கம்போல் கையை நீட்டினாள். சூரன்போர் அன்று கோயிலுக்குப் போக எழும்பினவள், வாசலோடு இருந்துவிட்டாள். சலரோகம் முற்றினால் வரும் பழுத்த பழ வாசம் மூச்சில் வந்தது. அவளுடைய தமக்கை சிவக்கொழுந்து மச்சாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்.”

“அவையும் என்னைப்போலைதான் சொல்லுவினம்,” என்றேன். முப்பத்திரண்டு வருடச் சேவைக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. மச்சாள் அவளைத் தாங்கிப் பாயில் கிடத்தினாள்.

ஏழாம் நாள், விரதம் முடிந்த காலையில், சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போய்த் துரைக்கு மீன் அவித்தாள். இரண்டு வேளையும் தானே தட்டில் வைத்தாள். எட்டாம் நாளும் அப்படியே. நீல மருந்து பச்சைக்கு வந்துவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதி.

அப்போதாவது அவளுக்கு மருந்து போட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போத்தலில் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது, உண்மைதான். ஆனால் நிறுத்தியதைத் தொடங்கினால், எதற்காக நிறுத்தினேன் என்றும் சொல்லவேண்டி வரும். நோயாளியோடு அப்படிப்பட்ட கதை வைத்துக்கொள்வது நல்லதல்ல. ஒன்பதாம் நாள் விடிய அவள் போய்விட்டாள். நீங்கள் வந்து சாவுக்குக் காரணம் சலரோகம் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அதில் எழுத்துப் பிழைகூட இல்லை.

அதற்காக நான் உங்களிடம் வரவில்லை.

அன்று செத்த வீடு. அடுப்பு மூட்டவில்லை. பெண்கள் முற்றம் நிறைய இருந்து ஒப்பாரி வைத்தார்கள். சுடலைக்குப் போய் வந்து கிணற்றடியில் தோய்ந்தபோது மணி ஆறு. துரை தன் தட்டின் பக்கத்தில் இருந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. நான் பிடரியைத் தூக்கி இரண்டு அலகு போட்டேன்.

தட்டைப் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு அருமைநாயகி மீன் வைத்திருப்பாள் என்று நினைத்துவிட்டேன். கொள்ளி வைத்துவிட்டு வந்த கையோடு, அவள் செத்துப்போனதை மறந்துவிட்டேன்.

அரை மணித்தியாலத்தில் துரை சரிந்து விழுந்து கால்களை உதைத்தது. வாயில் கொஞ்சம் இனிப்புத் தடவினால் பிழைத்துவிடும். குசினிக்கு ஓடினேன். அரிசிப் பானையைக் கவிழ்த்துக் கொட்டிக் கையால் துழாவினேன். குட்டான் இல்லை. அவள் என் சொல்லை மீறி ஒரு துண்டாவது ஒளித்து வைத்திருப்பாள் என்று நம்பினேன். அந்த ஒரு தடவை அவள் சொல் கேட்டிருந்தாள். அயல் வீட்டுக்கு ஓடிச் சீனி வாங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று நாளாக எனக்கு நித்திரை இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. மச்சாள் என்னைப் பார்த்து, பெண்சாதியை இழந்த துக்கம் என்று சொல்லி அழுகிறாள். நல்ல மனுசி. அதுதான் நானே நடந்து வந்தேன். எழுதுங்கள், விதானையார்: பட்டினியாக இருந்த ஒரு வாயில்லாச் சீவனைக் கவனக்குறைவால் கொன்றுவிட்டேன். என் கையால் நடந்த சாவு அது ஒன்றுதான்.