ஞாயிற்றுக்கிழமை ஈரல்

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், யாரிடமும் இடம் கேட்காமல் முதலிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். முன் சீட்டில் ஒரு தகப்பனும், பள்ளிக்கூட உடுப்பில் அவன் மகளும்.

"ஐப்பசி பொறந்தாச்சி. ஊரே கறி துன்னுது. உனக்கு மட்டும் இன்னும் புரட்டாசி முடியலியாம்மா?"

"இனிமே எப்பவுமே துன்னப் போறதில்ல நைனா."

"யார்னா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. ஒரு மாசம் உட்டேனா, திரும்பத் துன்ன மனசு வரல."

"அப்போ நான் வாரா வாரம் விடியறதுக்கு முன்னாடி கறிக்கடையில நின்னு ஈரல் வாங்கியாறனே, அது யாருக்கு?"

"நீ துன்னு. உனக்குத்தான் புடிக்குமே."

"எனக்கா? நான் ஈரல வாயில வெச்சி என்னிக்காவது பாத்துக்கிறியா?"

மகள் யோசித்துப் பார்த்தாள். பஸ் புத்தூரைத் தாண்டியது. பிறகு தகப்பன்தான் ஆரம்பித்தான்.

"சரி, இந்த ஞாயித்துக்கிழம உனக்கு இன்னா வாங்கியாறட்டும்?"

"பிஞ்சு கத்திரிக்கா."

"அதுக்கும் விடியறதுக்கு முன்னாடி போய் நிக்கணுமா?"

"வேணாம் நைனா. நிம்மதியா தூங்கு."

"தூக்கம் வராதும்மா. பழகிப் போச்சி. போய் நிக்கிறேன்."