கரண்ட் வந்ததும் வருகிறவள்

ரோதமுனி சத்தியமாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் இந்தச் சாயத்தண்ணி என் தொண்டையிலேயே நிற்கட்டும்... இறங்கிவிட்டது. பார்த்தீர்கள்தானே? இனி யாரும் சந்தேகப்படக் கூடாது. நெருங்கி உட்காருங்கள். கதவுக்கு முதுகு காட்டிக்கொண்டிருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் அவருக்கே நல்லது.

நம்ம நஸீர் நானாவின் மச்சான் ஸுஹைர் ஹட்டனில் வேலை பார்த்த தோட்டக் கம்பனிக் கந்தோரில் நடந்தது இது. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு.

பொழுது இறங்கி ஆறு மணி. பொகவந்தலாவை பஜாரில் பஸ் திரும்பிவிட்டது. அதற்கு மேலே தேயிலைப் பெக்டரிக்கு நடைதான். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் மூடுபனி. அந்த ரோட்டில் ஒற்றை ஆளாக, குடையும் கையுமாக ஏறிக்கொண்டிருந்தார் சிவரூபன். அந்தக் கந்தோரின் கொம்பியூட்டர்காரர். யாழ்ப்பாணத்து ஆள். பேய், பிசாசு என்றால் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. தன் சப்பாத்துச் சத்தத்துக்கே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே ரோட்டில் வேனில் வந்திருக்கிறார். மடியில் ஒரு பெட்டி. பெக்டரிக்கு சேர்வர் வைக்க வந்தது. சேர்வர் என்றால் பெரிய விசயமில்லை. தோட்டத்துக் கணக்கையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓய்வில்லாமல் ஓடுகிற ஒரு கொம்பியூட்டர். ஹட்டனில் இருந்தபடியே டெலிபோன் லைன் வழியாக அதன் பக்கத்தைத் திறந்து பழுது பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தைக் காட்டுவதற்கென்று உள்ளே ஒரு சேவை ஓட வேண்டும். அங்கேதான் சிக்கல். கரண்ட் போய் வந்தால் மெசின் எழும்பும். அந்தச் சேவை எழும்பாது. சிவரூபன் அப்படித்தான் போட்டுவிட்டு வந்திருந்தார். யாராவது கிட்டப் போய் ஒரு வரி தட்டி அதை எழுப்ப வேண்டும்.

எழுப்புகிறவள் நாகலெட்சுமி. பெக்டரிக் கந்தோரில் கிளார்க். கொழுந்து பறிக்கிறவர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை, படித்து மேலே வந்தவள். ஒற்றை விரலால் தட்டுவாள். மலையில் கரண்ட் போவதற்கு நேரகாலமா இருக்கிறது? போய் வந்தால் லயத்திலிருந்து கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மேடு ஏறிவிடுவாள். பிறகு ஹட்டனுக்கு ஒரு டெலிபோன் கோல்.

“எந்திரிச்சிருச்சுங்க சார்.”

பெக்டரிக்கு இருந்தது ஒரே லைன். அவள் பேசி வைத்த பிறகுதான் சிவரூபன் மெசினுக்கு டயல் பண்ணுவார். அதற்கு முன் ஒருநாளும் முயன்று பார்த்ததில்லை.

தொடக்கத்திலேயே அவர் சொல்லிப் பார்த்தார். “நாகலெட்சுமி, அந்தப் பக்கத்திலை, மெசின் எழும்பேக்கை இதுவும் எழும்பட்டோ எண்டு ஒரு கேள்வி கிடக்கு. ‘ஆம்’ எண்டதை அமத்திவிட்டால் காணும். பிறகு நீர் மழைக்குள்ளை ஏறி வரத் தேவையில்லை.”

“ஐயையோ, அது சரிப்படாதுங்க சார். எங்க பெக்டரியில எந்த மெசினும் தானா எந்திரிக்கக் கூடாது.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கரண்ட் போனால் பெக்டரியில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவார்கள். திரும்பி வரும்போது தேயிலை அரைக்கிற ரோதை தானாகச் சுற்றினால் யாருடைய கையையாவது கொண்டுபோய்விடும். ஆள் நின்று, ரோதைகளுக்குக் காவலான ரோதமுனிக்குச் சூடம் காட்டித்தான் ஓடவிடுவார்கள். அந்த மலையில் அதுதான் வழக்கம்.

“உம்மடை சேர்வர் ஆற்றை கையைக் கடிக்கப் போகுது?”

“கடிக்காட்டியும் சாமி கோவிச்சுக்கும்ங்க. ஏறி வந்தா என்னாங்க, காலு தேஞ்சா போயிரும்?”

சிவரூபன் விட்டுவிட்டார். உள்ளதைச் சொன்னால், விட்டுவிட அவருக்கும் விருப்பமாகத்தான் இருந்தது. கோல் நீண்டுகொண்டே போனது. சேர்வரைப் பற்றிப் பேச ஒரு நிமிடம். மீதி எல்லாம் வேறு கதை. ‘அடுத்த மாசம் வாறன்’ என்பார். ‘போன மாசமும் இதைத்தாங்க சொன்னீங்க’ என்பாள். சிரிப்பாள். ஊரில் தாய் அவருக்குச் சாதகம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, இவளிடமும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து நான்கு, ஜூன் மழையில் ஒரு அந்திப்பொழுது. மலை முழுக்கக் கரண்ட் போய் வந்தது. சிவரூபன் கோலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. கோபத்தோடு கந்தோரைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பெக்டரிக்குக் கீழே மேடு சரிந்து, ஏறிக்கொண்டிருந்தவளை மண் மூடிய சேதி மறுநாள்தான் தெரிந்தது.

சாவு வீட்டுக்கு அவர் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் லீவு கேட்கவேயில்லை.

அதற்குப் பிறகும் கரண்ட் போனது. வந்தது. கோல் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் சிவரூபன் தானே டயல் பண்ணிப் பார்த்தார்... பக்கம் திறந்தது. சேவை ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக யாரையோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். எப்போது பார்த்தாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு வருடம் கழித்துத்தான், அந்தப் புது ஆளின் பெயரைக் கேட்டு பெக்டரிக்கு ஒரு கோல் போட்டார். எடுத்தவர் காவல்காரர் வீரய்யா.

“புது ஆளா? அந்த ரூமு பூட்டியே கெடக்குங்க. அந்தப் புள்ள போனதுலேருந்து நாங்க யாரும் உள்ள போறதில்ல. ஆனா கரண்டு வந்தா சூட வாசம் மட்டும் வரும்ங்க.”

அதனால்தான் அந்த ஆறு மணி நடை.

வீரய்யா பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. “நான் வெளிய நிக்கிறேங்க” என்றார். சின்ன அறை. மேசை, சேர்வர், பக்கத்தில் கறுப்பு டெலிபோன். சிவரூபன் கதிரையில் உட்கார்ந்தார். கரண்ட் போவதற்காக மனிதன் காத்திருந்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும். மழை பிடித்தது. தகரத்தில் சடசடவென்று... போய்விட்டது. இருட்டு. கீழே ரோதைகள் ஒவ்வொன்றாக அடங்கின.

பிறகு கரண்ட் வந்தது.

மெசினின் காற்றாடி முனகியது. திரையில் வெளிச்சம். வாசம் வந்தது. முதலில் சூடம். அப்புறம் நனைந்த கம்பளி. கதவு திறக்கவில்லை... வாசலிலிருந்து மேசைவரை நிலத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்துகொண்டே வந்தது. டொக். டொக். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அந்த ஒற்றை விரல் சத்தத்துக்காக அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு பொத்தானும் அசையவில்லை. டெலிபோன் மட்டும், யாரோ எடுத்தால் கேட்குமே, அந்த அரை ‘டிங்’. ரிசீவர் வைத்தபடியேதான் இருந்தது.

“நாகலெட்சுமி... நான் வந்திட்டன்.”

கொஞ்ச நேரம் கழித்து, வைத்ததுபோல இன்னொரு ‘டிங்’. ஈரம் வந்த வழியே வாசலுக்குத் திரும்பிப் போனது. திரையில் பார்த்தார். சேவை ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது வீரய்யா அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மழையோ வெயிலோ, இன்னும் ஏறிக்கிட்டேதாங்க இருக்கு. சாவுறப்பவும் இந்த மெசினுக்குத்தான் ஏறுச்சு, செத்தும் இதுக்குத்தான் ஏறுது. தானா எந்திரிக்கிற மாதிரி பண்ணி விட்ருங்க சார். ரோதமுனிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அந்தப் புள்ள படுத்துத் தூங்கட்டும்.”

மறுநாள் ஹட்டனில், மேசைக்கு வருமுன்னே ஸுஹைர் மறித்தார்.

“நேத்து மகரிபு தொழுகைக்குப் பொறகு ஒங்களுக்கு ஒரு கோல் வந்திச்சி. ஒரு பொம்புளப் புள்ள. எந்திரிச்சிருச்சி, சார் இல்லையாண்டு கேட்டிச்சி. அவரு ஒங்கட தோட்டத்துக்குத்தான் வந்தீக்கிறாருண்டு செல்லினன்.”

“பிறகு?”

“‘பொய் சொல்லாதீங்க, அவரு வரமாட்டாரு’ண்டு செல்லிட்டு வெச்சிட்டா. ஆரு சேர் அந்தப் புள்ள?”

சிவரூபன் கதிரையில் உட்கார்ந்தார். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. இன்னொரு தடவை கரண்ட் போகட்டும்... ஒரே ஒரு தடவை. டெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்து நானே எடுக்கிறேன். ஒரு சொல் சொன்னால் போதும். அதற்குப் பிறகு அவளைத் தூங்க விட்டுவிடலாம் என்று நினைத்தார்.

பின்னேரம் ஜன்னலுக்கு வெளியே மழை இறங்கியது. பொகவந்தலாவைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. நனைந்த கம்பளி தலையை அழுத்த, சேறு வழுக்க, ஒருத்தி ஏறிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அவரால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டயல் பண்ணினார். மோடம் கீச்சிட்டு அலறி அடங்கியது. பக்கம் திறந்தது. கடவுச்சொல் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்: அவர், அவள். அந்தக் கேள்வி இருந்த இடத்தை அவர் அதுவரை ஒருநாளும் திறந்ததில்லை. தேடிப் போனார்.

மெசின் எழும்பும்போது இதுவும் எழும்பட்டுமா? ஆம், இல்லை. இரண்டு சின்ன வட்டம்.

‘ஆம்’ என்ற வட்டத்தில் ஏற்கெனவே புள்ளி இருந்தது. பக்கத்தில், அதை மாற்றிய தேதி. அவர் டெலிபோனில் சொல்லிக்கொடுத்த அந்த வாரத்திலிருந்து, கரண்ட் வந்த ஒவ்வொரு தடவையும், அந்தச் சேவை தானாகவேதான் எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது.